'ஹேண்ட்' வரும் ஆங்கில வழக்குகள்: எங்கே தொடங்குவது, எப்படிப் பழகுவது

ஆங்கிலம் பேசுபவர்களின் வாயில் 'ஹேண்ட்' என்ற சொல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அது வருகிற இடத்திலெல்லாம் கையைத் தேடினால் பேச்சில் பாதி புரியாமல் போய்விடும். உதவி, வேலையாள், அதிகாரம், கைதட்டல், கையெழுத்து, சீட்டாட்டத்தில் விழுந்த சீட்டுகள், கடிகார முள், குதிரையின் உயரத்தை அளக்கும் நான்கு அங்குல அளவு என்று அந்த ஒரு சொல் பல வேலைகளைச் செய்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி உண்டு. நம் மொழியும் கையை வைத்துத்தான் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சொல்கிறது. ஆபத்தில் கைகொடுத்தார், பாதியில் கைவிட்டார், சொத்து கைமாறியது, நிலைமை கைமீறியது, அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர் என்றெல்லாம் நாம் யோசிக்காமலே பேசுகிறோம். ஆகவே புதிதாகக் கற்பவர் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருப்பதோடு எது ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போவதுபோலத் தோன்றி ஏமாற்றுகிறது என்று பிரித்துப் பார்த்தால் போதும். ஆங்கிலத் தொடர்களை ஒலி வடிவிலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

முதல் படி: கை எங்கே தொடங்குகிறது?

தமிழில் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கை. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்குக் கீழே இருப்பது மட்டும்தான் 'ஹேண்ட்'. அதற்கு மேலே தோள்வரை 'ஆர்ம்'. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தவர் 'ஹேண்ட்' முறிந்தது என்று சொன்னால், கேட்பவர் உள்ளங்கைப் பக்கத்தைத்தான் பார்ப்பார். வழக்குத் தொடர்களிலும் இந்தப் பிரிவு கறாராகக் காக்கப்படுகிறது. ஒருவரை நெருங்கவிடாமல் தள்ளி வைப்பது 'அட் ஆர்ம்ஸ் லெங்த்'. வற்புறுத்திச் சம்மதிக்க வைப்பது 'ட்விஸ்ட் சம்ஒன்ஸ் ஆர்ம்'. இங்கெல்லாம் 'ஹேண்ட்' என்று மாற்றிச் சொன்னால் தொடர் உடைந்துவிடும். 'அப் இன் ஆர்ம்ஸ்' என்பதில் வரும் 'ஆர்ம்ஸ்' கையே அல்ல, ஆயுதம். கொதித்தெழுந்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

உச்சரிப்பையும் இங்கேயே கவனித்துவிடலாம். 'ஹேண்ட்' என்று நாம் எழுதினாலும், அதன் உயிரொலி 'அ'வுக்கும் 'ஏ'வுக்கும் இடையில் நிற்கிறது. வேகமாகப் பேசும்போது கடைசி 'ட்' பெரும்பாலும் மறைந்துவிடும். 'ஹேண்ட்ஸ்' என்பது 'ஹேன்ஸ்' என்றும், 'ஹேண்ட்பேக்' என்பது ஏறத்தாழ 'ஹேம்பேக்' என்றும் காதில் விழும். தெரிந்த தொடரே பேச்சில் பிடிபடாமல் நழுவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் படி: வினைச்சொல்லாக வரும் 'ஹேண்ட்'

உவமையும் உட்பொருளும் இல்லாத, அன்றாடம் தேவைப்படுகிற பகுதி இது. எதையும் விட முந்திக் கற்க வேண்டியதும் இதுதான். 'ஹேண்ட் இன்' என்றால் உரிய இடத்தில் ஒப்படைப்பது. வீட்டுப்பாடம், விண்ணப்பம், ராஜினாமாக் கடிதம் எல்லாம் இதில் அடங்கும். 'ஹேண்ட் அவுட்' என்றால் பலருக்கு விநியோகிப்பது. 'ஹேண்ட் ஓவர்' என்றால் பொறுப்பையோ பொருளையோ முழுமையாக மற்றவரிடம் கொடுத்துவிடுவது. 'ஹேண்ட் பேக்' திருப்பித் தருவது. 'ஹேண்ட் டவுன்' தலைமுறை தலைமுறையாக வழங்குவது. நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கும் இதையே சொல்வார்கள்.

இந்த வரிசையில் எல்லோரையும் தடுமாற வைக்கும் ஒன்று இருக்கிறது: 'ஐ ஹேவ் டு ஹேண்ட் இட் டு யூ'. எதையோ கையில் தரப் போகிறார் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். உங்களைப் பாராட்டுகிறார். 'உங்களை மெச்சித்தான் ஆக வேண்டும்' என்பதற்கு இணையானது அது. நன்றி சொன்னால் போதும்.

மூன்றாம் படி: உதவியும் கைதட்டலும்

'கிவ் மீ எ ஹேண்ட்', 'லெண்ட் மீ எ ஹேண்ட்' இரண்டும் உதவி கேட்பவை. எதில் உதவி வேண்டும் என்பதைச் சேர்க்க 'வித்' வரும்: 'குட் யூ கிவ் மீ எ ஹேண்ட் வித் திஸ் டேபிள்?' இந்த மேசையைத் தூக்கக் கொஞ்சம் கைகொடுங்கள் என்று பொருள். அந்தச் சிறிய 'எ' இங்கே உயிர்நாடி. அதை எடுத்துவிட்டு 'கிவ் மீ யுவர் ஹேண்ட்' என்றால், கையை நீட்டுங்கள், பிடித்துக்கொள்கிறேன் என்று ஆகிவிடும்.

மேடையில் ஒருவர் 'கிவ் ஹர் எ பிக் ஹேண்ட்' என்று சொன்னால் அது கைதட்டச் சொல்லும் அழைப்பு. 'பிக்' சேர்ந்துவிட்டால் ஐயமே இல்லை. 'பிக்' இல்லாதபோது இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேடையும் கூட்டமும் இருந்தால் கைதட்டல், மூட்டையும் பெட்டியும் இருந்தால் உதவி.

இவை பேச்சுக்கு உரியவை. முறையான விண்ணப்பத்திலோ அலுவலகக் கடிதத்திலோ உதவி கோரும்போது நேரடியாக உதவி என்ற சொல்லையே பயன்படுத்துவது நல்லது.

நான்காம் படி: ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். 'அட்', 'இன்', 'ஆன்', 'டு', 'பை', 'அவுட் ஆஃப்' என்று முன்னால் எது வருகிறது என்பதை வைத்துத்தான் பொருள் தீர்மானமாகிறது. தமிழில் கையில், கைக்கு, கையால், கைவசம் என்று நாம் வேற்றுமை உருபால் செய்கிற வேலையை ஆங்கிலம் இந்தச் சின்னச் சொற்களால் செய்கிறது.

'பை ஹேண்ட்' எளிது: கையால் செய்தது. கடித உறையின் மேல் இது எழுதப்பட்டிருந்தால், தபாலில் அல்லாமல் நேரில் சேர்ப்பிக்கப்பட்டது என்று பொருள்.

'அட் ஹேண்ட்' அருகில் இருப்பதைச் சொல்கிறது. இடத்தால் மட்டுமின்றிக் காலத்தாலும் அருகில் இருக்கலாம். தேர்வு நெருங்கிவிட்டது என்பதற்கும் இது பொருந்தும். 'தி டாஸ்க் அட் ஹேண்ட்' என்றால் இப்போது செய்ய வேண்டிய வேலை. 'ஆன் ஹேண்ட்' என்பதில் தயார்நிலை சேர்கிறது: மருத்துவர் ஒருவர் அங்கேயே இருப்பார், கூப்பிட்டால் வருவார். 'டு ஹேண்ட்' கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது; பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. 'அந்த எண்ணிக்கை இப்போது என் கைவசம் இல்லை' என்று தொலைபேசியில் சொல்ல இது உதவும். 'இன் ஹேண்ட்' என்றால் கட்டுப்பாட்டில் இருக்கிறது, கவனிக்கப்பட்டு வருகிறது. ஒரு நிர்வாகி 'எவ்ரிதிங் இஸ் வெல் இன் ஹேண்ட்' என்று சொன்னால், கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்.

இனி மூன்று தொடர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 'கெட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் கைமீறிப் போவது. விருந்து கூச்சலாக மாறுவது, வாக்குவாதம் சண்டையாக முற்றுவது. 'ரிஜெக்ட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் பரிசீலிக்காமல் அந்தக் கணமே நிராகரிப்பது. சொற்கள் ஒன்றே, முன்னால் வரும் வினை பொருளை முற்றிலும் மாற்றிவிடுகிறது. மூன்றாவது, 'இட் இஸ் அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்'. இடையில் 'மை' புகுந்து, 'ஹேண்ட்' பன்மையாகிவிட்டது. இது என் கையில் இல்லை, முடிவெடுக்க வேண்டியவர் வேறொருவர் என்பது இதன் பொருள். ஒரு 'மை'யும் ஒரு 'ஸ்'ஸும் செய்கிற வேலையைக் கவனியுங்கள். வழக்குத் தொடரில் ஒருமை பன்மையை நம் விருப்பப்படி மாற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

'ஆன் மை ஹேண்ட்ஸ்' என்று பன்மையில் வந்தால் தலையில் வந்து விழுந்த பொறுப்பு அல்லது மிஞ்சிக் கிடக்கும் நேரம். அந்தச் சுமையை வேறொருவர் வாங்கிக்கொண்டால் 'டேக் இட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்'. 'ஆஃப்ஹேண்ட்' என்று ஒரே சொல்லாக வந்தால், முன்யோசனை இல்லாமல் சட்டென்று சொல்வது.

'ஆன் தி அதர் ஹேண்ட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுரை எழுதுகிறவர்கள் இதை 'மேலும்' என்ற பொருளில் தூவிவிடுகிறார்கள். இது எதிர்ப்புறத்தைக் காட்டுவது. வேலை கடினம், மறுபுறம் சம்பளம் அதிகம். இப்படி எடைபோடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். முன் வாக்கியத்தில் 'ஆன் தி ஒன் ஹேண்ட்' இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சொல்லப்பட்டதை மறுப்பதற்கு வேறொரு தொடர் இருக்கிறது, 'ஆன் தி கான்ட்ரரி'. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் படி: இந்தக் கை யாருடையது?

புரியாத தொடர் வந்தால், அது எந்தக் களத்திலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பொருள் தானாகவே விளங்கத் தொடங்கும்.

கப்பலில் 'ஹேண்ட்' என்றால் மாலுமி. 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்பது எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைத்த கட்டளை. இன்று எல்லோரும் சேர்ந்து உழைக்க வேண்டிய நெருக்கடியைக் குறிக்கிறது. நிறுவனங்கள் ஊழியர் அனைவரையும் கூட்டும் கூட்டத்துக்கு 'ஆல் ஹேண்ட்ஸ்' என்று பெயர் வைத்திருப்பதும் இந்தப் பொருளில்தான். பண்ணைத் தொழிலாளி 'ஃபார்ம்ஹேண்ட்'. ஆள் பற்றாக்குறை 'ஷார்ட்ஹேண்டட்'. சுருக்கெழுத்தைக் குறிக்கும் 'ஷார்ட்ஹேண்ட்' வேறு. ஒரு துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர் 'அன் ஓல்ட் ஹேண்ட்'.

சீட்டாட்டத்தில் ஒருவருக்கு விழுந்த சீட்டுகளே அவருடைய 'ஹேண்ட்'. இதிலிருந்து வந்தவை பேரம், அரசியல், வியாபாரம் பற்றிய செய்திகளில் நிறைய வரும். 'ஷோ யுவர் ஹேண்ட்' என்றால் உள்நோக்கத்தை வெளிப்படுத்துவது. 'ஓவர்ப்ளே யுவர் ஹேண்ட்' என்றால் தன் பலத்தை மிகையாக எண்ணிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது. 'ஃபோர்ஸ் சம்ஒன்ஸ் ஹேண்ட்' என்றால் ஒருவர் விரும்பிய நேரத்துக்கு முன்பே அவரை முடிவெடுக்க நிர்ப்பந்திப்பது.

'ஹேண்ட்ஸ் டவுன்' குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. வெற்றி உறுதியானதும் குதிரையோட்டி கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்திவிடுவார். 19ஆம் நூற்றாண்டில் பிறந்த இந்தத் தொடர் 'சிரமமே இல்லாமல், ஐயத்துக்கு இடமின்றி' என்ற பொருளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மேலே பார்த்த 'ஹேண்ட் டவுன்' என்ற வினையோடு இதைக் கலக்காதீர்கள்.

'காட் ரெட்ஹேண்டட்' என்பதில் உள்ள சிவப்பு இரத்தத்தின் சிவப்பு. கையில் இரத்தக் கறையோடு பிடிபட்ட குற்றவாளியைக் குறிக்க 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 'ரெட் ஹேண்ட்' என்ற சொல் வழங்கியது. இன்று மிட்டாய் திருடும் குழந்தைக்கும் அது பொருந்துகிறது. நம்முடைய 'கையும் களவுமாக' என்பதற்கு அவ்வளவு கச்சிதமான இணை.

ஆறாம் படி: தமிழோடு ஒட்டிப்போவதும் விலகிப்போவதும்

ஒட்டிப்போவதை முதலில் சேகரியுங்கள். அவை உழைப்பில்லாமல் கிடைப்பவை. 'தி அப்பர் ஹேண்ட்' கை ஓங்கியிருப்பது. 'ஹேண்ட் டு மௌத்' நம் வாய்க்கும் கைக்குமான பிழைப்பு. 'எம்ப்டி ஹேண்டட்' வெறுங்கையோடு. 'சேஞ்ச் ஹேண்ட்ஸ்' கைமாறுவது. 'மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்' கைகள் கட்டப்பட்டிருப்பது. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் கைமேல் உட்கார்ந்துவிடுவார்கள்: 'சிட் ஆன் யுவர் ஹேண்ட்ஸ்'. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' நம் கைகழுவுதலேதான். ஆங்கிலத்தில் அதன் பின்னணி விவிலியம். மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தில், பிலாத்து கூட்டத்தின் முன் கையைக் கழுவி, இயேசுவின் சாவுக்குத் தான் பொறுப்பல்ல என்று அறிவிக்கிறான்.

விலகிப்போவதுதான் ஆபத்து. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று நாம் சொல்வது தர்மத்தின் உயர்வைப் பற்றியது. மத்தேயுவின் 6ஆம் அதிகாரமும் அதையே அந்தப் பொருளில் போதிக்கிறது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ஒரு நிறுவனத்தின் இடது கைக்கு வலது கை செய்வது தெரியவில்லை என்றால், அது கடும் விமர்சனம். ஒரு பிரிவு செய்வது இன்னொரு பிரிவுக்குத் தெரியாத குளறுபடி. ஒரு தொண்டு அமைப்பைப் பாராட்டுவதாக எண்ணி இதைச் சொன்னால் அவர்கள் மனம் புண்படும்.

திருட்டுப் பழக்கத்தைக் கைநீளம் என்கிறோம். ஆங்கிலத்தில் 'லாங்ஹேண்ட்' என்றால் சுருக்கெழுத்தோ தட்டச்சோ அல்லாத சாதாரணக் கையெழுத்து. கைநீளத்துக்கு ஆங்கிலம் விரலைத்தான் சொல்கிறது: 'லைட் ஃபிங்கர்ட்' அல்லது 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்'.

'எ ஹேண்ட்ஃபுல்' இரண்டு முகம் உள்ளது. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பீப்பிள்' என்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஒரு குழந்தையை 'ஷீ இஸ் எ ஹேண்ட்ஃபுல்' என்றால் கைக்கு அடங்காத சுட்டி. 'ஐ ஹேவ் மை ஹேண்ட்ஸ் ஃபுல்' என்றால் ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருக்கிறது; பணமோ பொருளோ கை நிறைய இருக்கிறது என்பதல்ல.

'ஹேண்ட் இன் ஹேண்ட்', 'ஹேண்ட் இன் க்ளவ்' இரண்டும் நெருக்கத்தைச் சொன்னாலும் குணம் வேறு. முதலாவது கைகோத்து நடப்பது. வறுமையும் நோயும் சேர்ந்தே வருகின்றன என்பது போன்ற இடங்களிலும் வரும். இரண்டாவதில் கூட்டுச்சதியின் வாடை அடிக்கடி வீசும். அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் 'ஹேண்ட் இன் க்ளவ்' என்று எழுதினால் அது குற்றச்சாட்டு.

உள்ளங்கை நெல்லிக்கனி என்று நாம் உள்ளங்கையைக் காட்டுகிறோம்; அவர்கள் புறங்கையைக் காட்டுகிறார்கள். 'ஐ நோ இட் லைக் தி பேக் ஆஃப் மை ஹேண்ட்' என்பது ஓர் இடமோ பொருளோ நன்கு பழகிப்போனதைச் சொல்கிறது. நெல்லிக்கனி ஐயத்துக்கு இடமில்லாத தெளிவைச் சொல்கிறது. ஒன்றுக்கு ஒன்றை மாற்றி வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: '-ஹேண்டட்' என முடிபவை, விரல்கள்

இவை மனிதரின் குணத்தையும் செயலின் தன்மையையும் எடைபோடும் சொற்கள். 'ஈவன்ஹேண்டட்' நடுநிலையானது, 'ஓபன்ஹேண்டட்' தாராளமானது, 'சிங்கிள்ஹேண்டட்' தனியொருவராகச் செய்தது. கண்டனமாக வருபவை 'ஹைஹேண்டட்', மற்றவர்களைப் பொருட்படுத்தாத அதிகாரப் போக்கு, 'ஹெவிஹேண்டட்', தேவைக்கு மீறிய கடுமை, 'அண்டர்ஹேண்டட்', கள்ளத்தனம். 'பேக்ஹேண்டட் காம்ப்ளிமெண்ட்' நம் இலக்கணம் வஞ்சப் புகழ்ச்சி என்று பெயரிட்டிருப்பதற்கு மிக அருகில் வருகிறது. 'டைட்ஃபிஸ்டட்' என்பவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்.

விரல்களில் தொடக்கத்துக்கு நான்கு போதும். 'நாட் லிஃப்ட் எ ஃபிங்கர்', ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதது. 'கீப் யுவர் ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்', நல்லது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவது. 'கிரீன் ஃபிங்கர்ஸ்', செடி வளர்ப்பதில் கைராசி. அமெரிக்காவில் அது 'கிரீன் தம்ப்'. நான்காவது 'ரூல் ஆஃப் தம்ப்', அனுபவத்தால் வந்த தோராயமான விதி. கட்டைவிரல் பருமனுள்ள கோலால் மனைவியை அடிக்க அனுமதித்த சட்டத்திலிருந்து இது வந்தது என்ற கதை பரவலாக வலம் வருகிறது. அப்படி ஒரு சட்டம் இருந்ததற்குச் சான்று இல்லை. அந்தக் கதையை நம்பி இந்தச் சொல்லை ஒதுக்க வேண்டியதில்லை.

பழகும் முறை

ஒரு நாளில் பத்துத் தொடர்களை எழுதிவைப்பதை விட, ஒரு வாரத்துக்கு இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். 'எ', 'தி', பன்மை 'ஸ்', முன்னால் வரும் சின்னச் சொல் எதுவும் விடுபடக்கூடாது. வாக்கியம் உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததாக இருக்கட்டும். பிறகு அதே தொடரைச் செய்தியிலோ உரையாடலிலோ வேறு யாராவது பயன்படுத்தும்வரை காது கொடுத்துக் காத்திருங்கள். கேட்ட வாக்கியத்தை உங்கள் வாக்கியத்துக்குக் கீழே எழுதி, இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். கேட்பதற்கு முன்பே பேச்சில் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம்.

அகராதியில் தேடும்போது 'ஹேண்ட்' என்ற பதிவின் தொடக்கத்தில் நின்றுவிடாதீர்கள். நல்ல கற்போர் அகராதிகளில் வழக்குத் தொடர்களுக்குப் பதிவின் இறுதியில் தனிப் பகுதி இருக்கும். அங்கே பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கு என்ற குறிப்பும், பேச்சு வழக்கா முறையான வழக்கா என்ற குறிப்பும் தரப்பட்டிருக்கும். பொருளைப் போலவே அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேர்ப் பேச்சில் புரியாத ஒன்று வந்தால், புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். 'வாட் டூ யூ மீன் பை தட்?' என்று அங்கேயே கேளுங்கள். குரலில் ஆர்வம் இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்தக் கேள்வி சண்டைக்கு இழுப்பதுபோல ஒலித்துவிடும். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். அவர்கள் விளக்கச் சொல்லும் எளிய வாக்கியத்தையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.